ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வந்தால் சம்மதிக்கலாமா?

கேள்வி இது: "எங்கள் தெருவில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டப் போகிறார்களாம். பில் இரண்டு மடங்காகும், காசு தீர்ந்த நொடியில் கரண்ட் நின்றுவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

மாட்டவிடுங்கள். ஆனால் வாய் மூடிக்கொண்டு மாட்டவிடாதீர்கள். ஸ்மார்ட் மீட்டர் என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, கருவி. இரண்டாவது, முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் ப்ரீபெய்டு முறை. மூன்றாவது, பகலுக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை என்ற நேரவாரிக் கட்டணம். கருவியால் வீட்டுக்கு லாபமே அதிகம். மற்ற இரண்டும் கொள்கை முடிவுகள். அவற்றை ஆதரிக்கவோ எதிர்க்கவோ உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரே மீட்டரை போஸ்ட்பெய்டாகவும் ஓட்டலாம், ப்ரீபெய்டாகவும் ஓட்டலாம். அலுவலகத்தில் இருந்தபடியே மென்பொருளில் மாற்றிவிட முடியும்.

முதலில் சட்டம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது என்கிறது. எது சரியான மீட்டர் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன. தகவல் தொடர்பு வசதி உள்ள பகுதிகளில் ஸ்மார்ட் மீட்டர் போட அந்த விதிகள் வழி செய்துவிட்டன. 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளும் அதையே சொல்கின்றன. உங்கள் சுவரில் இருந்தாலும் மீட்டர் மின்வாரியத்தின் சொத்து. ஆகவே "வேண்டாம்" என்ற ஒற்றை வார்த்தை அதிக நாள் நிற்காது. அதைவிட, மீட்டரை எப்படி மாற்றுகிறார்கள், எந்த முறையில் ஓட்டுகிறார்கள், தவறு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்பதில் பலன் உண்டு.

தமிழ்நாட்டில் இன்னும் பெரும்பாலான வீடுகளில் இது வரவில்லை. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் முன்னோட்டமாகப் பொருத்தினார்கள். சுமார் 82 லட்சம் மீட்டர்களுக்கான டெண்டர், கேட்கப்பட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. நாடு முழுக்க 25 கோடி மீட்டர் என்ற இலக்கு 2021இல் தொடங்கிய மத்திய அரசின் மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் வருகிறது. ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் ஒன்றுக்கு 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், இதில் எது குறைவோ அது பெரும்பாலான மாநிலங்களுக்கு மானியம். மீட்டரும் அதற்குப் பின்னால் உள்ள அமைப்பும் சேர்த்து 6,000 ரூபாய் அளவில் வைத்துப் போட்ட கணக்கு அது. வீட்டுக்காரரிடம் முன்பணம் கேட்பதில்லை என்பது உண்மை. மீதிப் பணம் எங்கிருந்து வரும்? தன் பணத்தை முதலீடு செய்து மீட்டர் போடும் தனியார் நிறுவனத்துக்கு மின்வாரியம் மாதத் தவணையாகக் கொடுக்கும். வாரியத்தின் இழப்பு குறைந்து அந்தப் பணம் திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால் நாளைய கட்டண உயர்வில் வந்து சேரும். கேரளம் அந்தத் தனியார் முதலீட்டு மாதிரியை ஏற்காமல் வேறு வழிக்குப் போனது. இந்தக் கேள்வியை, மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்பில் எழுப்ப வேண்டும். வீட்டு வாசலில் மீட்டரோடு வந்து நிற்கும் தொழிலாளியிடம் கேட்டுப் பயனில்லை.

சரி, பில் ஏறுமா? பெரும்பாலானோரின் பயம் இதுதான். காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

யூனிட் அளக்கும் வேலையில் ஸ்மார்ட் மீட்டருக்கும் இப்போது உங்கள் வீட்டில் உள்ள எலக்ட்ரானிக் மீட்டருக்கும் வித்தியாசம் ஏதும் இல்லை. இரண்டும் வோல்டேஜையும் கரண்டையும் அளந்து பெருக்குகின்றன. வீட்டு இணைப்புக்கு வரும் மீட்டர் வழக்கமாக கிளாஸ் 1, அதாவது பிழை 1 சதவீதத்துக்குள். கூடுதலாக உள்ளே இருப்பவை ஒரு கடிகாரம், செல்போன் சிம் போன்ற தொடர்புக் கருவி, தொலைவில் இருந்தே இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு ரிலே, அரை மணிக்கு ஒருமுறை பதிவு சேமிக்கும் நினைவகம். மீட்டர் தன் வேலைக்கு எடுக்கும் மின்சாரம் உங்கள் கணக்கில் ஏறாது. அளக்கும் பகுதிக்கு முன்னாலேயே அது எடுத்துக்கொள்கிறது.

பிறகு ஏன் சிலருக்கு மட்டும் எகிறுகிறது? தகடு சுற்றும் பழைய மீட்டராக இருந்தால், தேய்மானத்தாலும் தூசியாலும் அது மெதுவாக ஓடியிருக்கும். டிவி பெட்டி, வைஃபை, சார்ஜர் போன்ற சிறு சுமைக்கு அந்தத் தகடு நகராமலேகூட இருந்திருக்கும். 10 வாட் எடுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் 14 யூனிட்டுக்கு மேல். புதிய மீட்டர் அதை விடாமல் பிடிக்கும். இது மீட்டரின் தவறில்லை.

இரண்டாவது காரணம் முக்கியமானது, அதிகம் பேசப்படாதது: நியூட்ரல் கலப்பு. நம் நாட்டு சிங்கிள் பேஸ் மீட்டர்கள், திருட்டைத் தடுப்பதற்காக, பேஸ் வயரில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் தனித்தனியாக அளக்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதை வைத்து யூனிட் போடுகின்றன. ஒழுங்கான வயரிங்கில் இரண்டும் சமம். ஆனால் ஒரே கட்டடத்தில் கீழே ஒரு சர்வீஸ், மாடிக்கு ஒரு சர்வீஸ் என்று பிரித்த வீடுகளில், ஜங்ஷன் பாக்ஸிலோ இன்வெர்ட்டர் வயரிங்கிலோ இரண்டு வீட்டு நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டிருப்பார்கள். அப்போது மாடி வீட்டு ஏசி எடுக்கும் கரண்டில் ஒரு பங்கு உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பும். நீங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் உங்கள் மீட்டரில் யூனிட் ஏறும். பழைய தகடு மீட்டர் பேஸை மட்டும் பார்த்ததால் இது இத்தனை ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று பைபாஸ் செய்துவைத்த வீடுகளில் இந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு மிக அதிகம். அது விழுந்ததற்குக் காரணமே பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வீட்டு எம்சிபிக்களை (ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள சிறு தானியங்கி சுவிட்சுகளை) எல்லாம் இறக்குங்கள். இரட்டை முனை மெயின் சுவிட்சை மட்டும் போட்டே வையுங்கள். அதை இறக்கினால் நியூட்ரலும் அறுந்து கோளாறு மறைந்துவிடும். இப்போது மீட்டரில் உள்ள சிவப்பு எல்இடி துடிக்கக் கூடாது. துடித்தால், மீட்டரின் பட்டனை அழுத்தி அழுத்தி கரண்ட் காட்டும் பக்கத்துக்கு வாருங்கள். பேஸ் சுழியமாக இருந்து நியூட்ரலில் ஆம்பியர் தெரிந்தால் அடுத்த வீட்டுச் சுமை உங்கள் மேல் ஏறுகிறது என்று பொருள். உங்கள் மீட்டரில் நியூட்ரல் கரண்ட் தெரியாவிட்டால், எலக்ட்ரீஷியனை விட்டு மீட்டரில் இருந்து வரும் பேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் ஒன்றாகப் பிடித்து டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) மாட்டச் சொல்லுங்கள். சுமை ஓடும்போதும் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நியூட்ரல் கலந்திருக்கிறது, அல்லது எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. இதைச் சரிசெய்வது வீட்டுக்காரர் செலவு, வாரியத்தின் பொறுப்பில்லை. மீட்டர் மாற்ற வருவதற்கு முன்பே செய்துவிட்டால் பாதிப் புகார்கள் எழவே எழாது.

மூன்றாவது காரணம் எழுத்துப் பிழை. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைத் தவறாகக் குறிப்பது, பக்கத்து வீட்டு மீட்டர் எண்ணை உங்கள் இணைப்பு எண்ணோடு கோப்பது, பல மாதம் கதவு பூட்டியிருந்த வீட்டின் நிலுவை ஒரே பில்லில் வந்து விழுவது. இவைதாம் "இரண்டு மடங்கு" கதைகளில் பலவற்றின் வேர்.

ஆகவே மாற்றும் நாளில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் பழைய மீட்டரின் ரீடிங், சீரியல் எண், சீல் மூன்றும் தெளிவாகத் தெரிய போட்டோ எடுங்கள். புதிய மீட்டரின் சீரியல் எண்ணையும் ஆரம்ப ரீடிங்கையும் எடுங்கள். அது சுழியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சோதனைக் கூடத்தில் ஓடிய ஒன்றிரண்டு யூனிட் இருக்கலாம், ஆனால் அது தாளில் பதிவாக வேண்டும். மீட்டரில் தேதியும் மணியும் சரியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நாளை நேரவாரிக் கட்டணம் வந்தால் அந்தக் கடிகாரம்தான் உங்கள் பணம். மாற்றுச் சீட்டில் இத்தனையும் எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். காலி இடம் விட்ட சீட்டில் போடாதீர்கள். ஒரு நகலை மின்கணக்கு எழுதும் வெள்ளை அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்குவதை அருகில் நின்று பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். புது மீட்டர் கருகுவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. நாள் முழுக்க இலக்கு வைத்து மாட்டுகிறவர்கள் அவசரத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் திருகிவிட்டுப் போவார்கள். அலுமினியம் சர்வீஸ் வயர் அழுத்தத்தில் மெல்ல நெகிழும், மேற்பரப்பில் ஆக்சைடு படியும். தொடர்பு தளர்ந்து சூடேறும். ஏசியும் கெய்சரும் சேர்ந்து ஓடும்போது விளக்கு மினுக்கினாலோ, மீட்டர் பெட்டி அருகே கருகல் வாடை வந்தாலோ, உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். சீலை உடைத்து நீங்களே இறுக்க வேண்டாம். திருட்டு வழக்கு என்று திசை திரும்ப அது போதும்.

மாட்டிய முதல் வாரத்தில் ஒரு சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் இல்லாத 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டு 40 நிமிடம் ஓடவிடுங்கள். ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது, குழந்தைகள் அருகில் வரக் கூடாது. வோல்டேஜ் 230 இருந்தால் சரியாக 1 யூனிட் ஏறும். உங்கள் தெருவில் 215தான் வருகிறது என்றால் 0.87 அளவில் ஏறும். வோல்டேஜ் குறைந்தால் ராடு எடுப்பதும் குறையும், அதை மீட்டரின் தவறு என்று நினைக்க வேண்டாம். எல்இடியை எண்ணியும் பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்தால் 1000 வாட் சுமைக்கு நிமிடத்துக்கு 53 துடிப்பு. வீட்டுச் சோதனையில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே வரலாம். இருபது சதவீதம் வந்தால்தான் கேள்வி.

அப்படி வந்தால் உங்கள் கையில் ஒரு நல்ல உரிமை இருக்கிறது. நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி, மீட்டர் காட்டுவது பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். வாய்ச் சொல்லாகக் கேட்டால் நடக்காது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, அத்தாட்சி முத்திரை வாங்குங்கள். வழக்கு முடியும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் காக்கவும் சட்டத்தில் வழி உண்டு. 56ஆவது பிரிவின்படி, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் குறைந்ததை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டினால் துண்டிக்கக் கூடாது. அங்கே தீராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில் மக்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அரசு பின்வாங்கி, பழைய மீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாட்டுக்கு வந்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

இனி லாபம். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தின் அமைப்பைப் பார்த்தால் இது உடனே விளங்கும். 2024 ஜூலையில் வந்த விலைப்படி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆனால் 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான அந்தப் பாதி விலைச் சலுகை பறிபோகும். கணக்குப் போடுங்கள்: 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இப்போது கணக்கெடுப்பாளர் நான்கு நாள் தாமதமாக வருகிறார் என்று வையுங்கள். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீடு 60 நாளில் 480 காட்டியிருக்கும், பில் 1,679. 64ஆம் நாள் எடுத்தால் 512, பில் 2,140 ரூபாய் 80 காசு. கூடுதலான 32 யூனிட்டுக்கு 461 ரூபாய்க்கு மேல். அந்த 32 யூனிட் அடுத்த சுற்றில் குறையும் என்பது உண்மை, ஆனால் இழந்த சலுகை திரும்பாது. ஸ்மார்ட் மீட்டர் குறித்த தேதியில் நள்ளிரவில் தானே ரீடிங்கை அனுப்பிவிடும். கதவு பூட்டியிருந்தது, ஆள் வரவில்லை என்ற பேச்சே கிடையாது. அதோடு, நாளுக்கு ஒருமுறையாவது தொலைவில் இருந்து ரீடிங் எடுத்து அதை நுகர்வோருக்குக் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 ஜூன் திருத்தம் சொல்கிறது. 50ஆம் நாள் 430 ஓடிவிட்டது என்று தெரிந்தால் மீதிப் பத்து நாளை நாளுக்கு 7 யூனிட்டில் ஓட்டிக்கொள்ளலாம். ஆப்பில் இந்தத் தினசரிக் கணக்கு தெரியாவிட்டால் அதற்கும் புகார் கொடுங்கள். மீட்டரை மாட்டிவிட்டுத் தகவலைத் தராமல் இருப்பது, வீட்டுக்காரருக்கு வரவேண்டிய பலனைப் பிடித்துவைத்துக்கொள்வதற்குச் சமம்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் மாதக் கணக்கு வரும், பில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்லாப்களை, அதாவது விலை மாறும் யூனிட் படிகளை, அப்படியே பாதியாக வெட்டி மாதத்துக்கு 50 இலவசம் என்று வைத்தால், இரண்டு மாதமும் ஒரே அளவு ஓடும் வீட்டுக்கு ஒரு பைசா வித்தியாசமும் வராது. ஏற்ற இறக்கம் உள்ள வீட்டுக்குக் கூடவும் செய்யலாம். மே மாதம் 350, ஜூனில் 170 என்று ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய். பாதி வெட்டிய மாதக் கணக்கில் மே மாதத்துக்கு 1,912.50, ஜூனுக்கு 446.50, மொத்தம் 2,359. கோடையில் ஏசி போட்டு உயர்ந்த ஸ்லாப்பில் நின்ற யூனிட்டுகளுக்கு அடுத்த மாதத்தின் மலிவான ஸ்லாப் கைகொடுக்காமல் போய்விடுகிறது. ஸ்லாப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்த பிறகே மாதக் கணக்கைக் கொண்டாட வேண்டும்.

ப்ரீபெய்டு பற்றி என் கருத்து தெளிவானது: வீடுகளுக்கு அது கட்டாயமாகக் கூடாது. தினக்கூலி வீட்டில் நோயாளி ஒருவர் நெபுலைசரோடு இருக்கும்போது, இருப்பு தீர்ந்தது என்று ஒரு மென்பொருள் ரிலேயைத் திறப்பதை ஏற்க முடியாது. பணம் கட்டாதவருக்கு முழுதாக 15 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும் என்பது 56ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. ப்ரீபெய்டில் அந்த இடைவெளி சுருங்கிப் போகிறது. 2024 ஜூனில் மகாராஷ்டிர அரசு சாதாரண வீட்டு நுகர்வோருக்கு ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் கிடையாது என்று அறிவித்தது. அழுத்தம் கொடுத்தால் அரசுகள் கேட்கும் என்பதற்கு அது சான்று. தொலைவில் இருந்து துண்டிக்கும் வசதி எவ்வளவு பொறுப்பானது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று நடந்ததைப் பாருங்கள். தவறாகப் போன ஒரு கட்டளையால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் மூழ்கின. பணம் கட்டியவர், கட்டாதவர் என்ற பாகுபாடே இல்லை.

இருந்தும் ப்ரீபெய்டு வசதியாக இருக்கும் இடங்கள் உண்டு: பூட்டியே கிடக்கும் சொந்த ஊர் வீடு, அடிக்கடி ஆள் மாறும் வாடகை அறை. எடுப்பதானால் மூன்றைக் கேட்டு வையுங்கள். 47ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவின்படி ப்ரீபெய்டு இணைப்புக்குக் காப்புத்தொகை கேட்க முடியாது; ஏற்கெனவே கட்டியதைத் திருப்பித் தரவோ இருப்பில் வரவு வைக்கவோ வேண்டும். இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிப்பதில்லை என்ற விதி இருக்கிறதா என்று கேளுங்கள். ரீசார்ஜ் செய்தும் வராவிட்டால் எத்தனை நேரத்தில் ஆள் வருவார் என்பதையும் கேளுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் மீட்டர் வரிசை இருந்தால் சிக்னல் வராது. பணம் ஏறியிருக்கும், இணைக்கும் கட்டளை மட்டும் மீட்டருக்குப் போய்ச் சேராது. மாட்டும் நாளிலேயே அந்த இடத்தில் போனை வைத்து சிக்னல் பாருங்கள். கோடு இல்லையென்றால் வெளி ஆன்டெனா கேட்க வேண்டும்.

நேரவாரிக் கட்டணத்தை 2023 திருத்தம் கொண்டுவந்தது. சூரிய ஒளி நேரத்தில் வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம், ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கு அது பொருந்தும் என்பது அதன் சாரம். மாநில ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணையில் சேர்த்தால்தான் நடைமுறை. தமிழ்நாட்டு வீடுகளின் கணக்கு ஸ்லாப்பில்தான் ஓடுகிறது. வந்தால் யாருக்கு நல்லது? பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் எல்லாவற்றையும் பதினொரு மணிக்குத் தள்ளிவைக்கலாம். இருவரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வந்து சமைத்து ஏசி போடும் வீட்டுக்கு அது சுமை. ஆணையம் கருத்துக் கேட்கும்போது இந்த இரண்டாவது வகை வீடுகள் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

அனுமதிக்கப்பட்ட மின்பளு பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்மார்ட் மீட்டர் உங்கள் அதிகபட்சத் தேவையைப் பதிவு செய்கிறது. 4 கிலோவாட் அனுமதி வாங்கிய வீட்டில் ஒன்றரை டன் ஏசி, 2000 வாட் கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் சேர்ந்தால் ஐந்தரையைத் தொடும். ஆனால் மீட்டர் பார்ப்பது ஒரு நொடி உச்சத்தை இல்லை. பெரும்பாலும் அரை மணிச் சராசரியை. கெய்சர் பத்து நிமிடம் ஓடினால் அந்த அரை மணியில் அதன் பங்கு 0.67 கிலோவாட்தான். ஒன்றை முடித்து இன்னொன்று என்று ஓட்டினாலே போதும். மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு இந்தப் பதிவை வைத்து அபராதம் போடக் கூடாது; ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டினால்தான் பளுவை உயர்த்த வேண்டும். இரண்டும் அதே 2023 திருத்தத்தில் இருக்கின்றன. சுமை வரம்பை மீட்டரில் அமைத்திருந்தால் மிகையாகும்போது ரிலே தானே திறக்கும், சிறிது நேரத்தில் சேர முயலும், சில முறை தோற்றால் அரை மணி பூட்டிக்கொள்ளும். தெரு முழுக்க வெளிச்சம், உங்கள் வீட்டில் மட்டும் இருட்டு, எம்சிபி எதுவும் விழவில்லை என்றால் முதலில் பெரிய சுமைகளை அணைத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

கதிர்வீச்சுப் பயம் தேவையில்லை. தலையணை அருகில் வைக்கும் போனைவிடக் குறைவான நேரமே, அதுவும் சுவருக்கு வெளியே, அது ஒலிபரப்புகிறது. அந்தரங்கம் வேறு விஷயம். அரை மணிப் பதிவைப் பார்த்தால் எப்போது எழுகிறீர்கள், எந்த வாரம் வீடு பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மின்வாரிய ஆப்பின் கடவுச்சொல்லை ரீசார்ஜ் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். "இன்றிரவு 9.30க்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்ற மோசடிக் குறுஞ்செய்தி ஏற்கெனவே பலரின் வங்கிக் கணக்கைத் துடைத்திருக்கிறது. தொலைவில் இருந்து துண்டிக்க முடியும் என்றான பிறகு அதை நம்புகிறவர்கள் கூடுவார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை இரண்டு முறை சொல்லி வையுங்கள். அந்த எண்ணுக்கு அழைத்ததும் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னால் அது மோசடி, வேறு யோசனையே வேண்டாம்.

மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மீட்டரை இருவழிக் கணக்குக்கு மாற்றாமல் சோலார் இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள். சாதாரண அமைப்பில் பல மீட்டர்கள் கரண்ட் எந்தத் திசையில் போனாலும் பயன்பாடாகவே எண்ணும். அதுவும் திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு. நீங்கள் வெளியே அனுப்பிய 10 யூனிட்டுக்கு உங்களிடமே காசு கேட்கும். ஸ்மார்ட் மீட்டரில் இதை மாற்றப் புது மீட்டர் தேவைப்படாமலும் போகலாம், அமைப்பை மாற்றினால் போதும். மாற்றிய பிறகு, மீட்டரின் திரையில் உள்ளே வந்தது, வெளியே போனது என்று இரண்டு தனிக் கணக்கும் தெரிகிறதா என்று வெயில் உள்ள ஒரு மதியத்தில் சரிபாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடியேறும் நாளன்றும் காலி செய்யும் நாளன்றும் தினசரி ரீடிங்கை ஆப்பிலிருந்து எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வையுங்கள். இணைப்பில் யாருடைய போன் எண் பதிவாகியிருக்கிறது என்பதையும் முதல் நாளே கேளுங்கள். உரிமையாளர் எண்ணே இருந்தால், துண்டிப்பு எச்சரிக்கை வேறு ஊரில் இருக்கும் அவருக்குப் போகும்; உங்களுக்குத் தெரியாது.